இரண்டு அடி இடைவெளி: ஏரியை எப்போது திறப்பது என்ற கணக்கு

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டிஎம்சிக்குச் சற்று மேல் (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பருவமழைக் காலத்தில் ஏரி முழுவதும் நிரம்பும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 2020 நவம்பர் 25-ஆம் தேதி நிவர் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே ஷட்டர்கள் திறக்கப்பட்டன. முதலில் விநாடிக்கு 1,000 கன அடி, பிறகு படிப்படியாகக் கூடுதல்.

அந்த இரண்டு அடியில் ஏறத்தாழ அரை டிஎம்சி தண்ணீர் கொள்ளும். சென்னைக்கு மாதம் சுமார் ஒரு டிஎம்சி குடிநீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது நகரத்தின் பதினைந்து நாள் தண்ணீர். அதே இடத்தை வெள்ளக் காலத்தில் காலியாக வைத்திருந்து, ஏரிக்கு விநாடிக்கு 12,000 கன அடி வீதம் நீர்வரத்து இருந்தால், பதினொன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். பதினைந்து நாள் குடிநீரை விட்டுக்கொடுத்து பதினொன்றரை மணி நேர அவகாசத்தை வாங்குகிறோம். இந்தப் பேரம் சரியா என்பதை ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் யாரோ ஒரு பொறியாளர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது.

ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகள் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அந்தப் பொறியாளரிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. மாதிரி அவருக்கு என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது, அது சொன்னதை நம்பி அவர் ஷட்டரைத் திறந்தால் அவருக்குத் துணையாக எது நிற்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2015 டிசம்பர் 1

அந்த ஆண்டு நவம்பர் முழுவதும் சென்னையில் ஓயாத மழை. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரே மாதத்தில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏரிகள் நிரம்பியிருந்தன, மண் ஊறிப்போயிருந்தது. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி. 29,000 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் இரண்டரை டிஎம்சி. ஏரியின் மொத்தக் கொள்ளளவே மூன்றரைதான். வரத்து எவ்வளவு என்பதையும் ஒரு மனக்கணக்காகப் போடலாம். நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் 47 செ.மீ. மழை விழுந்தால் அது 4 கோடியே 70 லட்சம் கன மீட்டர் தண்ணீர், 1.66 டிஎம்சி. ஏரியின் நீர்பிடிப்புப் பரப்பு நூறு சதுர கிலோமீட்டரைவிட மிகப் பெரியது. அன்றைக்கு அந்த ஏரியால் எவ்வளவு தாங்கியிருக்க முடியும் என்பதற்கு இந்தச் சிறிய கணக்கே ஓரளவு விடை தருகிறது.

வெள்ளம் வடிந்ததும் நகரமே கேட்ட கேள்வி, ஏன் முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்துவிடவில்லை என்பது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வேறொரு கேள்வியையும் சேர்த்தது. 29,000 கன அடி 21 மணி நேரம் தொடர்ந்து வெளியேற்றப்பட்டதைச் சுட்டிக்காட்டி, ஏரியில் இன்னும் இடம் இருக்கும்போதே அவ்வளவு நீரைத் திறந்தது ஏன் என்று கேட்டது. மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றும் அதை வகைப்படுத்தியது.

மூன்றாவதாக ஒரு விஷயம் உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆதனூர், மணிமங்கலம் பக்கமிருந்து வரும் அடையாற்றின் கரையில் இருக்கின்றன. அங்கே வீடுகளில் ஓர் ஆள் உயரத்துக்கு நின்ற தண்ணீர் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் ஆக முடியாது. அது தன் சொந்த நீர்பிடிப்பிலிருந்தும் நிரம்பி வழிந்த சிற்றேரிகளிலிருந்தும் வந்த வெள்ளம். அப்படியானால் சைதாப்பேட்டைப் பாலத்தைத் தொட்டு ஓடிய ஆற்றில் எந்தப் பங்கு ஏரியுடையது, எந்தப் பங்கு ஏரியோடு தொடர்பில்லாத மழையுடையது?

ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. ஒரே பழுப்பு நீர்தான் தெரியும். அதே நாளைக் கணினியில் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம், ஒரு முறை ஏரி திறந்தபடி, இன்னொரு முறை ஏரியே திறக்கப்படாததுபோல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏரியின் பங்கு. நடந்த ஒரு நாளை மாற்றி நடத்திப் பார்க்கும் வாய்ப்பு வேறெந்த வழியிலும் கிடைப்பதில்லை.

மழை எப்படி ஆறாகிறது

கணினி மாதிரியில் மூன்று கட்டங்கள் உண்டு. விழுந்த மழையில் எவ்வளவு ஓடிவரும் என்பது முதல் கட்டம். இந்தக் கணக்குக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் இலவச மென்பொருள்களில் ஒன்று எச்இசி-எச்எம்எஸ். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் உருவாக்கியது. அதற்குள் இருக்கும் வழிமுறைகளில் ஒன்று, அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் வகுத்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் நூற்றுக்குள் ஓர் எண் தரப்படும். தண்ணீரை உறிஞ்சும் மணல் காட்டுக்குக் குறைந்த எண், சிமெண்ட் தரைக்கு நூறை ஒட்டிய எண்.

எண் 70 கொண்ட ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 10 செ.மீ. மழை பெய்கிறது. மண் காய்ந்திருந்தால் அந்த வழிமுறைப்படி 9 மில்லிமீட்டர் அளவு நீர்தான் வழிந்தோடும். மண் சாதாரண ஈரத்தில் இருந்தால் 33 மில்லிமீட்டர். தொடர்மழையில் ஊறிப்போயிருந்தால் 61 மில்லிமீட்டர். அதே நிலம், அதே மழை. காய்ந்த மண்ணுக்கும் ஊறிய மண்ணுக்கும் ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். டிசம்பர் 1-ஆம் தேதி விழுந்த மழை, செப்டம்பரில் விழுந்திருந்தால் இதே வெள்ளம் வந்திருக்காது. ஆகவே, இன்று எவ்வளவு பெய்யும் என்ற முன்னறிவிப்பு மட்டும் பொறியாளருக்குப் போதாது. கடந்த ஒரு வாரம் எவ்வளவு பெய்தது, மண் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் ஏரிக்கு வரப்போகும் நீரின் அளவு தெரியும். நல்ல மாதிரி இதை ஒவ்வொரு மணி நேரமும் தானே கணக்கு வைத்துக்கொண்டே வரும். அனுபவமுள்ள பழைய பொறியாளர்களும் மண்ணைப் பார்த்து இதைச் சொல்வார்கள். அவர்கள் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவர்களோடு போய்விடுகிறது என்பதுதான் சிக்கல்.

இரண்டாவது கட்டம், அந்த நீர் ஆற்றில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்பது. இதன் அடிப்படைச் சமன்பாடுகளை பிரெஞ்சுப் பொறியாளர் சான்-வெனான் 1871-லேயே எழுதிவிட்டார். கையால் தீர்க்க முடியாமல் கிடந்தவற்றை இன்று மேசைக் கணினி சில நிமிடங்களில் தீர்த்துவிடுகிறது. அதில் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஓர் எண் இருக்கிறது. அயர்லாந்துக்காரரான ராபர்ட் மேனிங்கின் பெயரால் வழங்கும் உராய்வு எண். சுத்தமான மண் வாய்க்காலுக்கு அது 0.03 என்ற அளவில் இருக்கும். புதரும் செடியும் மண்டினால் 0.06-ஐயும் தாண்டும்.

இந்த எண் இரட்டிப்பானால் என்ன ஆகும்? அகலமான ஆற்றில் அதே அளவு தண்ணீர் ஓட ஆழம் ஒன்றரை மடங்கு வேண்டும். 10 அடி ஆழத்தில் கடந்து போயிருக்க வேண்டிய வெள்ளம் 15 அடி ஆழத்தில் போகும். சீமைக் கருவேலமும் கோரையும் அடைத்து நிற்கும் உபரிநீர்க் கால்வாயின் ஓரம் நின்று பார்த்தவர்கள், அந்த ஐந்து அடி எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஏரியில் எத்தனை கன அடி திறக்கலாம் என்ற கேள்விக்கான விடை, அந்த ஆண்டு அக்டோபரில் கால்வாயைத் தூர்வாரினார்களா என்பதையும் பொறுத்திருக்கிறது. மாதிரி இதை எண்ணாக்கிக் காட்டிவிடுகிறது. தூர்வாரும் பணிக்கு நிதி கேட்டு எழுதும் கோப்பில் இப்படி ஒரு வரைபடம் இணைந்திருந்தால் அதன் கனமே வேறு.

கடைசிக் கட்டம் வரைபடம். கரையைத் தாண்டிய நீர் எங்கெல்லாம் பரவும் என்பது நிலத்தின் மேடு பள்ளத்தைப் பொறுத்தது. சென்னை தட்டையான கடற்கரைச் சமவெளி. இங்கே அரை மீட்டர் மேடு என்பது ஒரு தெரு நனைவதற்கும் நனையாததற்கும் உள்ள வித்தியாசம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர அளவுகளில் சில மீட்டர் பிழை சகஜம். மலை நாட்டுக்கு அது போதும், வேளச்சேரிக்குப் போதாது. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி எடுக்கும் நில அளவைதான் இங்கே வேண்டும்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் அளவுகோல்

மாதிரியின் கணக்கை நிஜ ஆற்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் அது சொல்வதை நம்பக் கூடாது. ஒப்பிடுவதற்கு அளவு வேண்டும். பாலத்தின் தூணில் அடி, அங்குலம் வண்ணம் பூசிய அளவுகோலைப் பலர் பார்த்திருப்பார்கள். அது காட்டுவது உயரத்தை மட்டும்தான். எத்தனை கன அடி ஓடுகிறது என்பது, முன்பு எப்போதோ ஆற்றின் குறுக்கே வேகத்தை அளந்து போட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. அந்த அளவீடுகள் பெரும்பாலும் ஆறு அமைதியாக ஓடிய நாட்களில் எடுக்கப்பட்டவை. பெருவெள்ளத்தில் யார் ஆற்றுக்குள் இறங்கி அளப்பது? ஆகவே மிக முக்கியமான நாளுக்கான எண், அட்டவணையின் கோட்டை மேலே நீட்டிப் பெற்ற ஊகமாக இருக்கிறது. பெரிய வெள்ளம் பற்றிய செய்திகளில் வரும் கன அடிக் கணக்குகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு ஆகியவற்றின் நீர்பிடிப்புகளில் நூற்றுக்கணக்கான ஏரிகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. ஒவ்வோர் ஏரியும் வெள்ளத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்து, உச்சத்தைத் தணித்து விடும். கரை உடைந்தால் அதே ஏரி வெள்ளத்தைப் பெருக்கி அனுப்பும். பெரிய ஆறும் பெரிய அணையும் கொண்ட நாடுகளில் வளர்ந்த மென்பொருள்களில் இந்த ஏரித் தொடரை உள்ளிடலாம், ஆனால் ஒவ்வொரு கலிங்கின் உயரமும் நீளமும், ஒவ்வொரு மதகின் நிலையும், ஆக்கிரமிப்பு போக மிச்சமிருக்கும் கொள்ளளவும் தெரிய வேண்டும். இந்த விவரத்தில் ஒரு பகுதி பொறியாளர் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கிறது. மீதி ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர்களின் நினைவிலும் ஊர்ப் பெரியவர்களின் நினைவிலும் இருக்கிறது. அதைப் போய்க் கேட்டு எழுதி வருவதும் மாதிரி அமைக்கும் வேலையில் சேர்த்திதான். கணினி முன் உட்கார்ந்திருப்பதைவிட அது அதிக நாள் பிடிக்கும் வேலை.

திறந்தால் ஒரு பழி, திறக்காவிட்டால் ஒரு பழி

இனி மழை முன்னறிவிப்புக்கு வருவோம். நாளை 30 செ.மீ. பெய்யலாம் என்று வானிலை மாதிரி சொல்கிறது. நம்பி இன்றே அரை டிஎம்சியைத் திறந்துவிடுகிறீர்கள். புயல் கொஞ்சம் வடக்கே நகர்ந்து ஆந்திரக் கரைக்குப் போய்விடுகிறது. கடலுக்குப் போன தண்ணீர் திரும்ப வராது.

இது வெறும் கற்பனைப் பயமாக இருந்தால் பரவாயில்லை. 2015 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டே, 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊரை மூழ்கடித்த அதே ஏரி நான்கு ஆண்டுக்குள் காலியாகிவிட்டது. நவம்பரில் ஷட்டர் அருகே நிற்கும் பொறியாளரின் மனத்தில் இந்த இரண்டு காட்சிகளும் இருக்கும். எந்தப் பக்கம் தவறினாலும் விசாரணை வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதே நெருக்கடி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு மேலே உள்ள வைவன்ஹோ அணையில் நீதிமன்றம்வரை போனது. 1974 வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்ட அந்த அணையில் குடிநீருக்கு ஒரு பகுதியும் அதற்கு மேல் வெள்ளத்தைத் தாங்க ஒரு பகுதியும் ஒதுக்கப்பட்டிருந்தன. 2007-இல் கடும் வறட்சியில் அந்தப் பகுதியின் அணைகள் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. நான்கே ஆண்டில், 2011 ஜனவரியில் பெருமழை. ஜனவரி 13-ஆம் தேதி பிரிஸ்பேன் நகரில் ஆறு 4.46 மீட்டர் உயரத்துக்கு ஏறியது.

அணைப் பொறியாளர்களிடம் கணினி மாதிரி இருந்தது, மழைக்காலம் முழுவதும் அதை ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள். பிரச்சினை, எந்த மழையை அதற்குள் கொடுப்பது என்பதில் எழுந்தது. ஏற்கெனவே தரையில் விழுந்துவிட்ட மழையை மட்டும் வைத்துத் திறப்பைத் தீர்மானிப்பதா, வரப்போவதாகச் சொல்லப்படும் மழையையும் சேர்ப்பதா? பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்கில் இரு தரப்பும் அந்த நாட்களை மறுபடி மறுபடி கணினியில் ஓட்டிக் காட்டின. 2019 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்புக்குப் போதிய மதிப்பு தரப்படவில்லை என்று சொல்லிப் பொறியாளர்களின் தரப்பைத் தவறு என்றது. குயின்ஸ்லாந்து அரசும் அரசு நிறுவனமான சன்வாட்டரும் 44 கோடி ஆஸ்திரேலிய டாலர் தந்து சமரசம் செய்துகொண்டன. மேல்முறையீட்டுக்குப் போன, அணையின் உரிமையாளரான சீக்வாட்டர் நிறுவனத்துக்குச் சாதகமாக 2021 செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. பத்து ஆண்டு வாதம். அதே அணை, அதே மழை, அதே மாதிரி. முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை அணை இயக்கக் கையேடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் வரையறுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கருத்து.

மாதிரிகள் சில நேரம் எதிர்பார்த்ததற்கு மாறான செய்தியையும் தரும், அதையும் ஏற்கத்தான் வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது அணைகளை முன்பே காலி செய்திருந்தால் பெரியாற்றுப் படுகை தப்பியிருக்கும் என்ற பேச்சு வலுவாக இருந்தது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று அந்த வெள்ளத்தைக் கணினியில் மறுபடி ஓட்டி, 2019-இல் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டது. அணைகளை முன்கூட்டியே காலி செய்திருந்தாலும் உச்ச வெள்ளம் 16 முதல் 21 சதவீதம்தான் குறைந்திருக்கும் என்று கணக்கு காட்டியது. அணையே இல்லாத இடைப்பட்ட நீர்பிடிப்புகளிலிருந்து வந்த நீர் அவ்வளவு அதிகம். முடிச்சூரின் கதையும் இதுதானே.

கணக்கை விதியாக்குதல்

தமிழ்நாட்டில் தேனி, மதுரைப் பக்கம் போய் ரூல் கர்வ் என்று சொன்னால் டீக்கடையில் இருப்பவர்களும் பதில் சொல்வார்கள். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எந்த மாதத்தில் எந்த மட்டம்வரை தேக்கலாம் என்பதை ரூல் கர்வ் வரையறுக்கிறது. பல ஆண்டு மழையையும் வரத்தையும் கணக்கில் ஓட்டி, வெள்ள அபாயம் அதிகமுள்ள வாரங்களில் மட்டத்தைத் தாழ்த்தி, அபாயம் குறைந்ததும் ஏற்றிக் கொண்டுபோகும் கோடு அது. அந்தக் கோட்டால் தங்களுக்கு வர வேண்டிய தண்ணீர் போகிறது என்று ஐந்து மாவட்ட விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கோட்டை ஓரிரு அடி மேலே தள்ளினால் எத்தனை ஏக்கருக்குப் பாசனம் கூடும், எவ்வளவு அபாயம் கூடும் என்பதை மாதிரியில் ஓட்டி, முடிவை இரு மாநிலத்து மக்களும் பார்க்கும்படி வெளியிடலாம்.

ரூல் கர்வின் குறை, அது காலண்டரைப் பார்க்கிறதே தவிர வானத்தைப் பார்ப்பதில்லை. அக்டோபர் கடைசியில் வானம் தெளிவாக இருந்தாலும் அதே மட்டம்தான். இந்தக் குறையைத் தாண்டிய ஓர் உதாரணம் கலிஃபோர்னியாவின் மெண்டொசினோ நீர்த்தேக்கம். அதன் இயக்க விதிகள் 1950-களில் எழுதப்பட்டவை. 2012 கடைசியில் பெருமழை பெய்து நீர்மட்டம் ஏறியபோது, விதிப்படி வெள்ளத்துக்கு இடம் விட்டுத் தண்ணீர் திறக்கப்பட்டது. அடுத்து வந்த 2013 கடும் வறட்சி ஆண்டு. திறந்துவிட்ட தண்ணீருக்கு அந்த வட்டார மக்கள் ஏங்கினார்கள்.

அதன் பிறகு அங்கே வானிலை ஆய்வாளர்கள், உள்ளூர் நீர் வாரியம், ராணுவப் பொறியாளர் படை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, முன்னறிவிப்பைப் பார்த்து இயக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். நாளைய மழை இவ்வளவுதான் என்று ஒரே எண்ணைச் சொல்லாமல், சிறு சிறு வேறுபாடுகளோடு பல முன்னறிவிப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டி, அவற்றில் எத்தனை ஆபத்தான மட்டத்தைத் தாண்டுகின்றன என்று பார்ப்பது அதன் அடிப்படை. தாண்டுபவை குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம், மேலே போனால் திறக்க வேண்டும். 2020-ஆம் நீராண்டில் (2019 அக்டோபர் முதல் 2020 செப்டம்பர்வரை) இப்படி 11,000 ஏக்கர் அடிக்கு மேல் கூடுதல் நீரைப் பத்திரமாகத் தேக்கி வைத்தார்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ அரை டிஎம்சி. செம்பரம்பாக்கத்தின் மேல் இரண்டு அடி எவ்வளவோ அவ்வளவு.

அங்கே முன்னறிவிப்பும் மாதிரியும் வலுவாக இருந்தன என்பது ஒரு பகுதி உண்மைதான். கலிஃபோர்னியாவின் பெருமழையைக் கொண்டுவரும் வான ஆறுகளை, அதாவது ஆறுபோல நீண்டு நகரும் ஈரக்காற்றுப் பட்டைகளை, சில நாட்களுக்கு முன்பே ஓரளவு கணிக்க முடிகிறது; வங்கக் கடலில் திடீரென்று நின்றுவிடும் காற்றழுத்தத் தாழ்வு நிலை அவ்வளவு எளிதில் பிடிபடாது. இருந்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை சதவீத அபாயத்தை ஏற்கலாம் என்பதை மழைக்கு முன்பே பல தரப்பினரும் கூடி முடிவு செய்து எழுதிவைத்தார்கள். மழை வந்தபோது பொறியாளர் அந்த எண்ணைப் பார்த்தார், செய்தார். முன்னறிவிப்பு ஒரு நாள் பொய்த்தாலும் அவர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைக்கும் மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2015-க்குப் பிறகு மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சியில் மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஆகியவை சேர்ந்து சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. மழை, ஏரித் திறப்பு, ஆறு ஆகியவற்றோடு கடல் ஓதத்தையும் அது கணக்கில் சேர்க்கிறது. முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் அடையாறு வடிய இடமில்லாமல் பின்வாங்கும் என்பதால் இது மிக அவசியம். நெருக்கடி நேரத்தில் விரிவான கணக்கை ஓட்டி முடிக்க நேரம் இருக்காது என்பதால், நூற்றுக்கணக்கான வெள்ள நிலைகளை முன்பே ஓட்டி வரைபடங்களாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள். மழை அளவும் திறப்பும் தெரிந்ததும் அதற்கு நெருக்கமான வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம். தமிழக அரசும் சென்னைப் படுகைக்கென நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

இவ்வளவும் வந்துவிட்ட பிறகு, 22 அடியில் திறப்பது என்ற வழக்கத்தை எழுதப்பட்ட விதியாக்க வேண்டும் என்பேன். அக்டோபரில் எத்தனை அடி, நவம்பர் நடுவில் எத்தனை, டிசம்பர் கடைசியில் மழை விடைபெறும்போது எத்தனை. முன்னறிவிப்பில் எந்த வாய்ப்பு எந்த அளவைத் தாண்டினால் எவ்வளவு திறப்பது. அந்தத் திறப்புக்குக் குன்றத்தூரும் அனகாபுத்தூரும் ஜாபர்கான்பேட்டையும் எந்த மட்டத்தை எதிர்பார்க்கலாம். முல்லைப் பெரியாற்றைப் போல விவசாயிகளும் கேள்வி கேட்கும்படி, அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்களும் கேள்வி கேட்கும்படி அது பொதுவில் இருக்க வேண்டும்.

சென்னை ஏரிகளின் நிலவரம் ஒவ்வொரு நாளும் காலையில் வெளியாகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்க்கண்டிகை என்று வரிசையாக நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். ஆயிரக்கணக்கானோர் அதைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். எல்லாமே நேற்று நடந்தவை. அந்த அட்டவணையில் நாளைக் காலைக்கு எதிர்பார்க்கப்படும் நீர்மட்டம் என்று ஒரு பத்தியையும், அதற்குப் பக்கத்தில் அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற இன்னொரு பத்தியையும் சேர்க்கத் தேவையான கணக்கு இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது.